வாவிக்கரையின் போடியார் வளவு

மட்டக்களப்பு நாட்டை இரு கரைகளாகப் பகுத்து நிற்பது அதன் வாவி. கடலுக்கு அருகே, கடலோடு இணைந்தும் இணையாமலும், ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு அது வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தை மக்கள் எழுவான்கரை என்பர். ஞாயிறு எழும் திசையிலுள்ள கரை என்பது அதன் பொருள். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடக்கும் நிலம் படுவான்கரை. ஞாயிறு படும் திசையிலுள்ள கரை. தென்னையும் மீனும் ஒரு கரையில். நெல்லும் எருமையும் மறு கரையில். இவ்விரண்டையும் ஒரே குடும்பத்தின் உடைமையாக இணைத்து வைத்திருந்தவரே போடியார் எனப்பட்ட நிலக்கிழார்.

போடியார் என்ற சொல் மட்டக்களப்பாருக்கு விளக்கம் வேண்டாத சொல். பெருவயல்களை உடையவர், தாமே ஏர் பிடியாது பலரைக் கொண்டு வேளாண்மை செய்விப்பவர், கோயிலில் வண்ணக்கராக நிற்பவர், ஊர் வழக்குகளில் தீர்ப்புக் கூறுபவர். தமிழரிடையே மட்டுமன்றி முஸ்லிம் மக்களிடையேயும் போடியார் உண்டு. இத்தகைய நிலக்கிழாரைப் பற்றிக் கேட்கும் பிற நாட்டார் ஒருவர் உடனே வினவக்கூடிய வினா ஒன்றுண்டு. நூற்றுக்கணக்கான ஏக்கர் வயலை ஆண்ட இவர்களுடைய மாளிகைகள் எங்கே? செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு நிற்கும் பெருவீடுகளைப் போலவோ, மலையாள நாட்டு நாலுகெட்டு இல்லங்களைப் போலவோ வாவிக்கரையில் ஏன் ஒன்றையும் காண முடிவதில்லை? இவ்வினாவுக்கு விடை காண்பது போடியார் வளவின் வரலாற்றையே காண்பதாகும்.

முதலில் நிலத்தின் கதையை நோக்குவோம். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். பத்தாண்டுகள் கழித்து, 1638ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆயினும் கோட்டைக்கு வெளியே நாட்டை உண்மையில் நடத்தியவர்கள் பற்றுகளின் தலைவர்களாய் இருந்த வன்னிமைகளும் போடிமாருமே ஆவர். ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக் காலத்தில், 1784 முதல் 1794 வரை, மட்டக்களப்பில் தலைமை அதிகாரியாய் இருந்தவர் யாக்கோபு பேர்னான்ட். இவர் நெற்செய்கையைப் பெருக்குவதில் நாட்டங்கொண்டு, தம் அனுபவத்தை ஒரு குறிப்பேடாகவும் எழுதி வைத்தார். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வயலுடையோருக்கு வாய்ப்பாக அமைந்தது, 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாய் இருந்த சேர் ஹென்றி வாட் என்பாரின் காலம். 1856ஆம் ஆண்டில் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் பிறந்தது. வயலுடையோர் கூடித் தம் பண்டை வழக்கங்களைத் தாமே வரையறுத்து, நீர்ப்பங்கீட்டையும் வேலி காவலையும் நடத்திக்கொள்ள அச்சட்டம் இடந்தந்தது. மாவட்டத்தின் தென்பால் இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்கள் அக்காலத்திலேயே திருத்தப்பெற்றன. படுவான்கரையின் வயல்நிலம் வட்டை வட்டையாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு வட்டைக்கும் வட்டைவிதானை என்னும் அலுவலர் இருந்து, எந்நாளில் வாய்க்கால் திறப்பது, எந்நாளில் விதைப்பது, எந்நாளுக்குள் மாடுகளை வெளியேற்றுவது என்பவற்றைக் கண்காணித்தார். குளம் திருந்திய இடத்தில் வயல் பெருகியது. வயல் பெருகிய இடத்தில் போடியாரின் செல்வாக்கும் பெருகியது.

போடியாரின் உடைமை ஒரே வேலிக்குள் அடங்கிய பண்ணையன்று. வீடும் தென்னந்தோட்டமும் பலருக்கு எழுவான்கரையில். வயலும் மாட்டுப்பட்டியும் படுவான்கரையில். இடையே நீர். மண்முனைத்துறை, அம்பிளாந்துறை என வாவியோரத்து ஊர்கள் பல துறை என்ற சொல்லைத் தாங்கி நிற்பதன் காரணம் இதுவே. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே தோணி ஓடியதும் இத்தேவை பற்றியே. விதை நெல் தோணியில் மேற்கே போயிற்று. விளைந்த நெல் தோணியில் கிழக்கே வந்தது. ஆதலின் போடியார் வளவை அறிய விரும்புவோர் இரு கரைகளிலும் இரு கட்டடங்களைக் காணவேண்டும். ஒன்று வாடி, மற்றொன்று வீடு.

வாடி என்பது வயலோரத்து உறைவிடம். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் வேளாண்மைக்காரர் மறுகரை சென்று, வயல் நடுவே வெள்ளம் ஏறாத மேட்டைத் தெரிந்து அதனை அமைப்பர். அருகேயுள்ள காட்டுக் கம்புகளே தூண்களும் வளைகளும் ஆகும். கூரைக்கு இலுக்குப் புல் அல்லது வைக்கோல். சுவர் உண்டாயின் வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர். இல்லையாயின் மழைச்சாரல் வரும் பக்கத்தில் மட்டும் ஒரு மறைப்பு. உள்ளே அடுப்பு, படுக்கை, விதைமூடை, கலப்பை ஆகியவற்றுக்கு அளவான இடம். சற்றுத் தள்ளி உயரமான கால்களின் மேல் பரண். கதிர் முற்றும் காலத்தில் யானையும் பன்றியும் வாராவண்ணம் இரவு முழுவதும் விழித்திருப்போருக்கு அதுவே வீடு.

வாடியில் தலைமை தாங்கியவர் முல்லைக்காரர். போடியாரின் பிரதிநிதியாக வயலில் தங்கி, வேலையாட்களை நடத்தி, விளைவுக்குப் பொறுப்பு ஏற்றவர் அவரே. அவருக்கும் ஏனைய வயற்காரருக்கும் ஊதியம் பணமாயன்றி நெல்லாகவே களத்தில் அளக்கப்பட்டது. போடியார் விதைப்பன்றும் வெட்டன்றும் சூடு மிதிக்கும் நாளன்றும் வந்து தங்குவார். அந்நாள்களில் வாடியே நீதிமன்றமும் கணக்கு மனையும் ஆகும். போடியாரும் வேலையாளும் ஒரே கூரையின் கீழ் ஒரே உலைச்சோறு உண்ட இடம் அது. ஆயின் இதனைச் சமத்துவம் என எண்ணிவிடலாகாது. களத்தில் நெல் குவிந்தபின் யாருக்கு எத்தனை மரைக்கால் என்ற கணக்கு வரும்போது உயர்வு தாழ்வு தெளிவாகத் தெரிந்தது. விதைக்கும் கடனுக்கும் உணவுக்கும் கழித்தபின் வேளாண்மைக்காரன் கையில் மிஞ்சியது சிறிதாயிருந்த ஆண்டுகள் பல.

களமும் கட்டடக் கலையின் ஒரு பகுதியே. வட்டமாக நிலத்தைச் செதுக்கி, நீர் தெளித்து இறுக்கி, சாணத்தால் மெழுகிய தளம் அது. அறுத்த கதிரை உப்பட்டியாக்கி, பின் சூடாக அடுக்கி, எருமைகளையும் எருதுகளையும் சுற்றிவரச் செய்து மிதிப்பித்தனர். களத்தில் நாட்பேச்சு மொழி வழங்குவதில்லை. நெல்லைப் பொலி என்பர். மாடு, சாக்கு, கடகம் ஆகிய யாவற்றுக்கும் வேறு பெயர். பூதங்கள் கேட்டுப் பொலியைக் கவர்ந்து செல்லாதிருக்க இவ்வாறு பேசினர் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. சுவரில்லாத அந்த வட்டத்துக்குச் சொல்லே வேலியாக நின்றது எனலாம்.

சூடு மிதித்து முடிந்ததும் வாடியின் வேலையும் முடிந்தது. கழற்றத்தக்க மரங்களைக் கழற்றி வைத்து, ஏனையவற்றை வெயிலுக்கும் கறையானுக்கும் விட்டுவிடுவர். அடுத்த மாரிக்குப் புதிய வாடி எழும். ஆகவே போடியாருடைய செல்வத்தின் ஊற்றாய் இருந்த கட்டடம் ஆண்டுதோறும் அழிந்து ஆண்டுதோறும் பிறந்த கட்டடம். அதன் அடையாளத்தை இன்று மண்ணில் தேடுவது வீண். மாளிகை எங்கே என்ற வினாவுக்குக் கிடைக்கும் முதல் விடை இது. செல்வம் விளைந்த இடத்தில் நிலையான கட்டடம் எழவில்லை.

இனி வாவியைக் கடந்து எழுவான்கரை வீட்டுக்கு வருவோம். வளவு என்பது வேலி சூழ்ந்த மனை நிலம். மணற்றரை, கிணறு, தென்னை, மா, பலா, முருங்கை, ஒரு பக்கம் மாட்டுக்கொட்டில், ஒரு பக்கம் வைக்கோற்போர், நடுவே வீடு. பழைய வீடு நீள்சதுர வடிவினது. வெள்ளம் ஏறாவண்ணம் மண் நிரப்பி உயர்த்திய அடித்தளத்தின் மேல் மண்சுவர் எழுப்பி, சாணமும் களியும் குழைத்து மெழுகுவர். செல்வர் வீடாயின் செங்கல்லும் கடற்கரையில் எரித்த சுண்ணாம்பும் சேரும். தூணுக்கும் கதவு நிலைக்கும் மரம் தேடி அலைய வேண்டியதில்லை. முதிரையும் கருங்காலியும் பாலையும் மேற்கே காட்டிலிருந்து வண்டியிலும் தோணியிலும் வந்தன. ஒரு மண்வீட்டுக்கு முதிரை மரத்தில் கடைந்த தூணும், தடித்த ஒற்றைப் பலகைக் கதவும் இருப்பது இந்நாட்டில் வியப்பன்று. சுவர் எளியது, மரவேலை உயரியது. வீட்டுக்காரரின் நிலையைச் சுவரைக் கொண்டன்றித் தூணைக் கொண்டே அறிந்தனர்.

வீட்டின் உள்ளமைப்பு இருபகுதிப்பட்டது. முன்புறம் திண்ணையும் விறாந்தையும்; வந்தோர் இருப்பதும், வழக்குப் பேசுவதும், வெற்றிலை போடுவதும் அங்கே. அது ஆடவர் பகுதி. உட்புறம் உள்வீடு. அங்கு வெளிச்சம் குறைவு, சாளரம் சிறிது. நெல்லும் நகையும் உறுதியும் அங்கேதான். தெய்வத்துக்கு விளக்கேற்றும் மூலையும் அங்கேதான். அது வீட்டுப் பெண்களின் ஆட்சிப் பகுதி. சமையற்கட்டு பெரும்பாலும் தனியே பின்புறத்தில் நின்றது. ஓலைக்கூரைக்குத் தீப்பொறி பகையன்றோ! உள்வீட்டில் நெல் குவிந்திருக்கும் வரை அக்குடும்பத்துக்குக் குறைவில்லை. வீட்டின் தகுதி அறைகளின் எண்ணிக்கையில் இல்லை; உள்வீட்டு நெல்லின் உயரத்தில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூரை மாறத் தொடங்கியது. மங்களூரில் பாசல் மிசனார் 1865ஆம் ஆண்டில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர், மேற்குக் கரை ஓடு கடல் வழியே பல நாடுகளுக்கும் பரவிற்று. கள்ளிக்கோட்டை ஓடு என்ற பெயரில் அது இலங்கை வீடுகளிலும் ஏறியது. ஓலைக்கூரையை ஓட்டுக்கூரையாக்கிய வீடு கல்வீடு எனப் பெயர் பெற்றது. ஆயினும் உள்ளமைப்பு மாறவில்லை. பழைய நீள்சதுரம், பழைய விறாந்தை, பழைய உள்வீடு, அவற்றின் மேல் புதிய கூரை. இவ்வளவே.

இப்போது முதல் வினாவுக்குத் திரும்பலாம். ஓடு வாங்கப் பணமும், முதிரை மரமும், வேலைக்கு ஆளும் இருந்தும் போடியார் ஏன் மாளிகை கட்டவில்லை? விடை கட்டடக் கலையில் இல்லை. குடும்ப வழக்கத்தில் உள்ளது. மட்டக்களப்பில் வீடு ஆணுக்கு உரியதன்று.

இந்நாட்டு மக்கள் தாய்வழிக் குடிகளாகப் பகுக்கப்பட்டவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய வழக்கின்படி முதுசச் சொத்து பெண்வழியே இறங்கியது. ஒருவனுக்குப் பின் அவனுடைய சகோதரியின் மக்கள் உரிமை பெற்றனர். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் சட்டமாக்கினர். மட்டக்களப்பு வழக்கத்துக்கோ அத்தகைய தொகுப்பு அக்காலத்தில் வாய்க்கவில்லை. கிறித்தோபர் பிரிட்டோ என்பவர் முக்குவர் சட்டத்தைத் தொகுத்து 1876ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதே 1876ஆம் ஆண்டில் வந்த திருமண உரிமை, மரபுரிமைச் சட்டம் அப்பழைய மரபுரிமை முறையை வழக்கொழியச் செய்தது. தொகுத்த ஆண்டே தொலைந்த ஆண்டும் ஆயிற்று.

சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. மகளுக்கு மணம் பேசும்போது வீடும் வளவும் சீதனமாக அவள் பெயருக்கு எழுதப்பட்டன. வயலிலும் பங்கு சென்றது. மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து குடியேறினான். மூத்த மகள் பிறந்து வளர்ந்த வீட்டையே பெற்றுக்கொண்டால், சில காலத்தில் தாயும் தந்தையும் ஏனைய பிள்ளைகளும் அதே வளவிலோ அயலிலோ வேறு வீட்டுக்கு மாறினர். அவ்வீடு அடுத்த மகளுக்குரியது. அவளும் மணம் முடித்தால் மீண்டும் ஒரு மாற்றம். 1969ஆம் ஆண்டளவில் அக்கரைப்பற்றுக்கு வந்து பல ஆண்டுகள் ஆய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இவ்வழக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒருங்கே உறுதியாக நிலைத்திருந்ததைத் தம் நூல்களில் விரிவாக விளக்கியுள்ளார்.

இதன் விளைவை எண்ணிப் பார்க்கவேண்டும். நான்கு பெண்மக்களை உடைய போடியார் தம் வாழ்நாளில் நான்கு வீடுகள் கட்டினார், நான்கும் கொடுத்தார், முதுமையில் மகளொருத்தியின் வீட்டில் விருந்தினர் போல இருந்தார். ஊரே அறிந்த நிலக்கிழாருக்குத் தம் பெயரில் ஒரு வீடு இல்லாதிருப்பது இங்கே இழிவன்று; கடமையை முடித்ததன் அடையாளம். இங்கிலாந்தில் உயில் எழுதாது இறந்தவனுடைய நிலம் மூத்த மகனுக்கே சேரும் முறை 1925ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நிலவியது. அதனால் அங்கே பெருவீடு சிதையாது நின்றது. இளையோர் வெறுங்கையுடன் வெளியேறினர். மலையாள நாட்டிலும் தாய்வழி உரிமையே வழங்கியது. ஆனால் அங்கே தரவாட்டுப் பெண்கள் யாவரும் பிரியாது ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர்; ஆகவே நாலுகெட்டு தலைமுறைதோறும் விரிந்தது. கூட்டுக்குடும்ப முறை அங்கே 1975ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே முடிவுற்றது. மட்டக்களப்பிலோ தாய்வழி உரிமை வீட்டைப் பெருக்காது வீடுகளைப் பெருக்கிற்று. ஒருத்திக்கு ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உள்வீடு. மாளிகை இல்லாமைக்குக் காரணம் வறுமையன்று. ஒரு மாளிகைக்குரிய செல்வம் பெண்மக்களிடையே சிறு வீடுகளாகப் பங்கிடப்பட்டது என்பதே உண்மை.

இந்த அமைப்பைச் சென்ற நூற்றாண்டு பல முனைகளிலிருந்து அசைத்தது. 1949ஆம் ஆண்டில் கல்லோயாத் திட்டம் தொடங்கி, மாவட்டத்தின் தென்பகுதி நீர்ப்பாசனத்தையும் குடிப்பரம்பலையும் மாற்றிற்று. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைப் பயிர்ச்செய்கையாளருக்கு நிலத்தில் நிலைத்த உரிமை தந்து, குத்தகை நெல்லுக்கு வரம்பு விதித்தது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வயலை 25 ஏக்கர் என வரையறுத்தது. இவை போடியாருக்கு இழப்பு. முல்லைக்காரன் மகனுக்கோ நிமிர்ந்து நிற்கக் கிடைத்த முதல் வாய்ப்பு. உழவு இயந்திரம் வந்தபின் எருமை களத்தைவிட்டு நீங்கியது; களத்து மொழியும் அதனுடன் மெல்ல நீங்கியது.

பின்னர் வந்தது இயற்கையின் சீற்றம். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோப்புகளை ஓரிரவில் சாய்த்தது, ஓட்டுக்கூரைகளைப் பறித்தது, மண்சுவர்களைக் கரைத்தது. மீண்டும் கட்டியோர் சீமெந்தால் கட்டினர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரையின் கடலோர ஊர்களை வாரிச் சென்றது. இவ்விரண்டுக்கும் இடையிலும் பின்னும் நீண்ட போர். 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக வாவி கடந்து எழுவான்கரையில் அடைக்கலம் புகுந்தனர். விதை நெல்லும் விளைந்த நெல்லும் கடந்த அதே துறைகளை, குழந்தைகளையும் பாத்திரங்களையும் சுமந்து மனிதர் கடந்தனர். திரும்பிச் சென்றோர் பலருக்கு வேலியும் இல்லை. கதவு நிலையும் இல்லை. 2014ஆம் ஆண்டில் மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது. இரு கரைகளையும் தோணி இணைத்த காலம் அத்துறையில் அன்றுடன் முடிந்தது.

எஞ்சியிருப்பவை யாவை? எழுவான்கரை ஊர்களிலும் படுவான்கரை ஊர்களிலும் ஆங்காங்கே சில பழைய வீடுகள். சீமெந்து வீட்டின் பின்புறத்தில் விறகுக்கொட்டிலாகிவிட்ட ஒரு விறாந்தை. புதிய வாயிலில் பொருத்தப்பட்ட பழைய முதிரைக் கதவு. பெட்டகத்தில் மடித்து வைத்த சீதன உறுதி. கோட்டை கல்லால் ஆனது. அதனைக் காண வெளிநாட்டார் வருகின்றனர். கோயிலுக்கு அடியார் உண்டு. மண்வீட்டுக்கு யாரும் இல்லை. எஸ். ஓ. கனகரெத்தினம் 1921ஆம் ஆண்டில் எழுதிய மாவட்ட வரலாறும், எஃப். எக்ஸ். சி. நடராசா 1962ஆம் ஆண்டில் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், வி. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகமும் இந்நாட்டின் வரலாற்றையும் வழக்காறுகளையும் காத்துத் தந்தன. அவ்வரிசையில் வீடுகளுக்கும் ஓர் ஏடு வேண்டும்.

அது அரிய பணியன்று. ஓர் ஊர்ப் பாடசாலையின் மாணவர் பத்துப்பேர், ஓர் அளவுநாடாவும் கோடிட்ட தாளும் கொண்டு, தம் ஊரில் எஞ்சிய பழைய வீடொன்றின் நீள அகலத்தையும் தூண்களையும் வாயிலையும் வரைந்து வைத்தால் போதும். யார் கட்டினார், எந்த மகளுக்குக் கொடுத்தார், அவள் எந்த மகளுக்குக் கொடுத்தாள் என்பதைப் பாட்டியர் சொல்லக் கேட்டு அருகே எழுதிவைத்தால் போதும். களத்து மொழியை இன்னும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் சிலரேனும் இருப்பர். அவர்கள் சொற்களும் அத்தாளிலேயே ஏறட்டும். முல்லைக்காரர் வீட்டையும் மறவாது வரைதல் வேண்டும். உள்வீட்டில் குவிந்த நெல் அவர் தோளேறி வந்த நெல்லே.

போடியார் காலம் மீளப்போவதில்லை. மீளவேண்டும் என்பாரும் அரியர். ஆயின் தமக்கென ஒன்றும் வையாது பெண்மக்களுக்கு வீடு வீடாகக் கட்டிக் கொடுத்த ஒரு நாட்டின் வழக்கம், அந்த வீடுகளின் மண்சுவர்களோடு பேசாமல் கரைந்துபோக விடத்தக்கதன்று. அடுத்த மாரிக்கு முன் எழுதப்படுவது எஞ்சும்.